விபிஎன் வாங்கலாமா, யாரை நம்பி வாங்குவது?

கேள்வி, 2025 ஜூன் 9

அண்ணா, திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறோம். ஆபீசில் 6 பேர். போன வாரம் பையருக்கு (சரக்கு வாங்குகிறவருக்கு) நாங்கள் அனுப்பிய இன்வாய்ஸ் மெயிலை நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள். பையர் எங்கள் கணக்குக்குப் பதில் வேறு நாட்டில் உள்ள ஏதோ கணக்குக்குப் பணம் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர், "விபிஎன் போட்டிருந்தா இது நடந்திருக்காதுங்க, 3 வருசப் பிளானா எடுத்துக்குங்க, சல்லிசா வரும்" என்கிறார். எந்த விபிஎன் நம்பிக்கையானது? இலவசமே போதுமா? அவசரமுங்க.

ஜூன் 9, இரவு 10.15

வாங்க வேண்டாம். முதலில் மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மெயில் போகிற வழியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். உங்கள் பெட்டிக்குள்ளோ பையர் பெட்டிக்குள்ளோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். 2 வருடத்துக்கு முன் என் மாமா கம்பெனியில் இதேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார், போனேன். பையர் தனக்கு வந்த மெயிலை மாமாவுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அனுப்புநர் முகவரி மாமாவுடையதுதான் என்று நாங்கள் நான்கு பேரும் சத்தியம் செய்திருப்போம். மாமா கம்பெனிப் பெயரில் எம் என்ற ஆங்கில எழுத்து வரும். திரையை 300 சதவீதம் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, அந்த இடத்தில் ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒட்டி நின்றன. நடுவில் முடி அளவு இடைவெளி. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

அதோடு முடியவில்லை. மெயில் செட்டிங்கில் 'ரூல்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நாங்கள் யாரும் போடாத ஒரு ரூல் இருந்தது. அந்தப் பையரிடமிருந்து வரும் மெயிலில் 'பேங்க்', 'பேமென்ட்', 'ஸ்விஃப்ட்' என்ற சொல் இருந்தால், படித்ததாகக் குறியிட்டு, யாரும் திறக்காத ஒரு பழைய ஃபோல்டரில் போட்டுவிடு என்று. "கணக்கு எண் மாறியிருக்கிறதே, சரிதானா?" என்று பையர் கேட்ட மெயில் அதற்குள் 11 நாளாகக் கிடந்தது.

உள்ளே வந்தவன் எப்படி வந்தான்? டாக்குமென்ட் பார்க்கிற பெண் கொரியர் டிராக்கிங் என்று வந்த லிங்க்கைத் தொட்டு, கேட்ட இடத்தில் மெயில் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து கொரியர் அனுப்புகிற பெண் அது. அதைத் திட்டுவதில் நியாயமே இல்லை. விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாஸ்வேர்டு அதே கள்ளப் பக்கத்துக்குத்தான் போயிருக்கும். விபிஎன் பாதையை மூடும், போய்ச் சேரும் இடத்தை மாற்றாது.

இன்று இரவே செய்ய வேண்டியவை: பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றுங்கள். ரூல்ஸ், ஃபார்வர்டிங் இரண்டையும் பார்த்து அழியுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பையரை போனில் கூப்பிட்டு, அவருடைய வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் ரீகால் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ஜூன் 10, காலை

"ஏனுங்க, விபிஎன் எல்லாத்தையும் பூட்டிருமுனு சொல்றாங்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர் வழக்கத்திலேயே சொல்கிறேன்.

பனியன் பண்டலைத் தைத்து லாரி புக்கிங் ஆபீசில் போடுகிறோம். எல்.ஆர். என்கிற லாரி ரசீது எழுதுகிறவருக்கு யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை கிலோ என்று தெரியும். உள்ளே வட்டக்கழுத்தா காலர் வைத்ததா என்று தெரியாது. இன்றைக்கு நீங்கள் திறக்கிற இணையதளங்கள் பெரும்பாலும் இப்படித் தைத்த பண்டல்தான். முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் அந்தத் தையல். உங்கள் பேங்க் பாஸ்வேர்டை இணைய நிறுவனமோ பேக்கரி வைஃபைக்காரரோ ஏற்கெனவே படிக்க முடியாது.

விபிஎன் என்பது அதே பண்டலை இன்னொரு சாக்கில் போட்டு ஈரோட்டு ஏஜென்ட் பெயருக்கு அனுப்புவது. திருப்பூர் புக்கிங் ஆபீசுக்கு ஏஜென்ட் பெயர் மட்டும் தெரியும். ஏஜென்ட் வெளிச்சாக்கைப் பிரித்து, உள்ளே எழுதியிருக்கும் முகவரிக்குத் தன் பெயரில் அனுப்பி வைக்கிறார். சரக்கு எடுக்கிறவருக்கும் அவர் பெயர்தான் தெரியும். புக்கிங் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் இனி ஏஜென்ட் பார்ப்பார்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: எனக்கு இங்கே இருக்கிற புக்கிங் ஆபீஸ் மேல் நம்பிக்கை அதிகமா, முகம் தெரியாத அந்த ஏஜென்ட் மேலா? நம்மில் பெரும்பாலானோருக்கு விபிஎன் தேவையே இல்லை.

ஜூன் 11

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தைத்த பண்டலில் முகவரி மட்டும் தெரியும் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர், அந்தத் தளத்தின் எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியிலும் இணைப்பு தொடங்கும்போது போகும் முதல் செய்தியிலும் வெளிப்படையாகவே போகிறது. எந்த மருத்துவமனைத் தளம், எந்தக் கட்சித் தளம், எந்த வேலைவாய்ப்புத் தளம் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். எந்தப் பக்கம், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது தெரியாது. முகவரியே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

டிஎன்எஸ் கேள்வியை மட்டும் மூட, ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லா போனிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பு இருக்கிறது. காசு கிடையாது. நான் என் போனில் அதை மட்டும்தான் எப்போதும் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14

பெருந்துறையிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "யாருக்கும் தேவையில்லை என்று எப்படிச் சொல்லலாம், என் பொண்ணு ஹாஸ்டலில் இருக்கிறாள்" என்று. அவர் சொல்வது சரி. 'பெரும்பாலானோருக்கு' என்று நான் எழுதியபோது ஆபீசை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா மகளும் கோவையில் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். அங்கே வைஃபை வேண்டுமென்றால் போனில் ஒரு 'சான்றிதழ்' கோப்பை நிறுவச் சொன்னார்கள். போன மாதம் லீவில் வந்தபோது போனை வாங்கிப் பார்த்தேன். 'உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சான்றிதழ் உள்ளே இருந்தால், நடுவில் இருக்கிற பெட்டி பண்டலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தைத்து அனுப்ப முடியும். பிரவுசர் பூட்டுக் குறியைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதை அழித்துவிட்டு, "கண்ணு, சொந்த விஷயத்துக்கு உன் டேட்டாவைப் போட்டுக்கோ" என்று சொன்னேன். முடியாத இடத்தில், நம்பத்தக்க ஒரு விபிஎன் அவளுக்கு உண்மையிலேயே உதவும். பையரைப் பார்க்க வெளிநாடு போய் ஹோட்டல் வைஃபையில் உட்காருகிறவர்களுக்கும் அப்படித்தான். நிருபர்கள், வழக்கு நடத்துகிறவர்கள், வீட்டில் ஒருவருக்குப் பயந்து வாழ்கிற பெண்கள், இவர்களுடைய தேவையை நான் எடை போட மாட்டேன்.

ஜூன் 21

இலவசத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று.

சித்தப்பா மகன் கோபியில் இருக்கிறான். தடை செய்த ஏதோ வீடியோ ஆப்பைப் பார்க்க ஒரு இலவச விபிஎன் போட்டான். பெயர் எழுதவில்லை. ஒரு வாரத்தில் தினசரி டேட்டா காலை 10 மணிக்கே தீர ஆரம்பித்தது. போன் சட்டைப் பையில் சுட்டது. ஒரு ராத்திரி எல்லா ஆப்பையும் மூடி, விபிஎன்னையும் துண்டித்து, சார்ஜில் போட்டு வைத்தோம். விடியற்காலை டேட்டா கணக்கைத் திறந்தால் அந்த ஆப் பெயரில் 400 எம்பிக்கு மேல். யாருமே போனைத் தொடவில்லை. ஆப்பை எடுத்ததும் நின்றுவிட்டது.

இது ஒரு ஆப்பின் கதை இல்லை. 2015இல் ஹோலா என்ற இலவச விபிஎன் தன் பயனர்களுடைய இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் காசுக்கு விற்றது வெளியே வந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷீல்டுவிபிஎன் போன்ற இலவச விபிஎன்கள் வழியாகத் திருட்டுத்தனமாகப் பிடித்த கணினிகளின் வலை அது. 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள், அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள். வேறு யாரோ செய்த மோசடிக்கு உங்கள் வீட்டு முகவரி பதிவாகும். நம்மூரில் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வந்தாலே வீட்டில் எவரும் சோறு தின்ன மாட்டார்கள், யோசித்துப் பாருங்கள்.

பெரிய பெயர் என்றால் சரியா? ஃபேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் விபிஎன் ஆப் 'பாதுகாப்பு' என்ற பெயரில், மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் அதைக் கடையிலிருந்து எடுக்கவைத்தது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

2016இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் நிரல், இருக்கும் அடையாளம். 18 சதவீதம் எதையும் மறையாக்கவே இல்லை. வெளிச்சாக்கே இல்லாமல் ஏஜென்ட் கையில் கொடுத்தது மாதிரி.

ஜூன் 22

இலவசத்தில் விலக்கு இல்லையா என்றால், ஒன்று சொல்வேன். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன் இலவசமாகத் தருவதற்குக் காசு கட்டுகிற வாடிக்கையாளர்கள்தான் செலவு. டேட்டா வரம்பு இல்லை, ஆப்களின் மூலநிரல் வெளிப்படை. காசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நேரான பதில் இருக்கிறது. நான் பார்ப்பது அதைத்தான்.

ஜூன் 29

சரி, வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கு. நிலம் வாங்கும்போது என்ன செய்வோம்? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். மூலப்பத்திரம் யார் பெயரில், எத்தனை கை மாறியது என்று பார்க்காமல் ஒரு சென்ட் வாங்க மாட்டோம். விபிஎன்னுக்கும் அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன். 2017இல் துருக்கிய அதிகாரிகள் அதன் ஒரு சர்வரைக் கைப்பற்றினார்கள். ரஷ்யத் தூதர் கொலை விசாரணை அது. யார் என்ன செய்தார் என்று காட்டும் பதிவு எதுவும் சர்வரில் இல்லை. பதிவு வைப்பதில்லை என்று சொன்னது உண்மை என்று வெளியிலிருந்தே தெரிந்தது. நல்லது. 2021இல் கேப் டெக்னாலஜீஸ் அதை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. கேப்பின் பழைய பெயர் கிராஸ்ரைடர். பிரவுசருக்குள் விளம்பரம் செருகுகிற மென்பொருள்கள் அதன் தளத்தின் மேல் ஓடியவை. சைபர்கோஸ்ட் என்ற விபிஎன் 2017இல், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற விபிஎன் 2019இல், எல்லாம் அதே கைக்குப் போனது. இதனால் இப்போது அது மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2017 சாட்சியை வைத்து இன்று வாங்கக் கூடாது. கை மாறிய நிலத்துக்குப் பழைய வில்லங்கம் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. 2021இல் அதே கேப், விபிஎன்மென்டார் என்ற விபிஎன் மதிப்பீட்டுத் தளத்தை நடத்துகிற நிறுவனத்தையும் வாங்கியது. 'முதல் 10 விபிஎன்' பட்டியல் போடுகிறவரே கடைக்காரராகவும் இருக்கிறார். பட்டியல் போடுகிற மற்ற பலருக்கும் விற்பனைக்குக் கமிஷன் உண்டு. உங்கள் சர்வீஸ்காரர் 3 வருசப் பிளானைத் தள்ளுவதற்கும் இதுவே காரணம் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கமிஷன் உண்டா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்.

பதிவு வைப்பதில்லை என்று எல்லோரும் எழுதுவார்கள். 2020 ஜூலையில் யுஎஃப்ஓ விபிஎன் உட்பட ஹாங்காங் சார்ந்த 7 விபிஎன்களின் 1.2 டெராபைட் பதிவுகள் திறந்து கிடந்தன. ஏழும் பதிவு வைப்பதில்லை என்று சொன்னவைதான். மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை உத்தரவோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் ஆபீசுக்குப் போய், எடுக்க ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். அந்த நிறுவனம் மெயில் முகவரிகூடக் கேட்பதில்லை; 16 இலக்க எண் ஒன்றுதான் கணக்கு. மாதம் 5 யூரோ, நம் பணத்தில் 500 ரூபாய் பக்கம். ஒரு மாதம் எடுத்தாலும் ஒரு வருடம் எடுத்தாலும் அதே விலை. 82 சதவீதத் தள்ளுபடி, இன்னும் 10 நிமிடத்தில் முடிகிறது என்று கடிகாரம் ஓட்டுகிற கடையை விட, ஆடித் தள்ளுபடியே போடாத கடை எனக்குப் பிடிக்கும்.

3 வருசப் பிளான் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். 3 வருடத்தில் நிறுவனம் யார் கைக்குப் போகும் என்று எழுதித் தருவார்களா? மாதக் கணக்கில் எடுங்கள்.

ஜூலை 3

"இந்தியாவில் விபிஎன் சட்டவிரோதமா?" இல்லை. பயன்படுத்தலாம். அதை வைத்துச் செய்யும் குற்றம் குற்றம்தான்.

2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பணிய மாட்டோம் என்று எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் எல்லாம் அந்த வருடமே இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதனால் பட்டியலில் 'இந்தியா' என்று காட்டினாலும் பெட்டி சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கலாம். வேகம் குறையும். சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும். இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்திவிடும் அரசுத் தளங்களும் இருக்கின்றன. மாதக் கடைசியில் ரிட்டர்ன் போட உட்கார்ந்து, தளம் திறக்கவில்லை என்று அரை நாள் போராடியவர்களை எனக்குத் தெரியும். விபிஎன்னை அணைத்ததும் திறந்தது.

கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு இந்த 5 வருடக் கட்டாயம் பொருந்தாது என்று செர்ட்-இன் விளக்கமே இருக்கிறது. இது நமக்கு முக்கியம், பிறகு வருகிறேன்.

ஜூலை 6

நேற்று ஈரோடு போகும்போது ரயிலில் ஒரு விபிஎன்னைச் சோதித்தேன். ஊத்துக்குளி தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதற்காகவே அங்கே. ஐபி முகவரி காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சிக்னல் வரும்போதெல்லாம் புதுப்பித்தேன். விஜயமங்கலம் பக்கத்தில் ஒருமுறை விபிஎன் அறுந்தது. மறுபடி கட்டிக்கொள்வதற்கு முன் என் நிஜ முகவரி நான்கு விநாடி தெரிந்தது. ஆண்ட்ராய்டு செட்டிங்கில் 'எப்போதும் இயங்கும் விபிஎன்', அதன் கீழே 'விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு' இரண்டையும் போட்டேன். திரும்பி வரும்போது ஒருமுறைகூடத் தெரியவில்லை.

ஐபி முகவரியில் பழைய வகை ஐபிவி4, புது வகை ஐபிவி6. அப்படியே ஐபிவி6 முகவரியையும் பாருங்கள். இங்கே மொபைல் நெட்வொர்க்கில் அது பரவலாக ஓடுகிறது. விபிஎன் ஐபிவி4ஐ மட்டும் மூடினால் பாதிச் சாக்கு திறந்து கிடக்கிறது என்று பொருள்.

ஜூலை 17

ஆடி ஒன்று. பிள்ளைகளோடு தேங்காய் சுட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தால், கேள்வி கேட்டவரிடமிருந்து புதுச் செய்தி. மெயில் பெட்டியைச் சரி செய்துவிட்டாராம். பையர் வங்கி பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் கடைசி வரியில், "ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்கும் பெருந்துறை குடோனுக்கும் ரவுட்டரில் 3389 திறந்து வைத்திருக்கிறோம், அதற்கு விபிஎன் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இதற்குத்தான் விபிஎன் வேண்டும். இன்றைக்கே அதை மூடுங்கள்.

3389 என்பது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல். அதை இணையத்துக்குத் திறந்துவிட்டால், உலகம் முழுக்கத் தானாக ஓடும் நிரல்கள் கதவைத் தட்டி, பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கும். எனக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறையில் இப்படித்தான், கம்பெனிப் பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு. மார்ச் கடைசியில் ஒரு காலை, எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால் ஒட்டியிருந்தது. திரையில் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருந்தது, அதுவும் போனது. 4 மாத பில்லைக் காகிதக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்கள். கணக்குப் பார்க்கிற அண்ணன் அந்த மாதம் முழுக்க ஆபீசிலேயே படுத்தார்.

முதல் நாள் "விபிஎன் வாங்க வேண்டாம்" என்று எழுதினேன். அதில் மாற்றமில்லை. வாங்க வேண்டாம், வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு சரக்கு. கடையில் விற்பது உங்கள் பண்டலை முகம் தெரியாத ஏஜென்டிடம் கொடுப்பது. நீங்கள் வைக்க வேண்டியது, உங்கள் ஆபீசுக்கும் உங்கள் குடோனுக்கும் நடுவே உங்கள் சொந்த வண்டி. அங்கே நம்ப வேண்டிய மூன்றாம் ஆளே இல்லை.

ஜூலை 20

எப்படி வைப்பது என்று நாலைந்து பேர். நான் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடுகிறேன். ஏறக்குறைய 4,000 வரி நிரல்தான். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னல் என்கிற அதன் மைய நிரலுக்குள்ளேயே இருக்கிறது.

நேற்று மாமா ஆபீசில் போட்டதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடிச் சாவி. ஒவ்வொன்றும் 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. ரகசியச் சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போகாது. பொதுச் சாவியை மட்டும் ஆபீஸ் ரவுட்டரில் எழுதி வைக்க வேண்டும். சாவி தெரியாதவன் வந்து தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. 'தப்பான சாவி' என்றுகூடச் சொல்லாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. 3389இல் தட்டியவர்களின் பதிவை மாமாவுக்கு முந்தின நாள் காட்டியிருந்தேன், பக்கம் பக்கமாக ஓடியது. நேற்றிரவு அந்தப் பதிவு காலி. மாமா, "அட, ஒருத்தனையும் காணமே" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி வெளிமுகவரி இருக்காது. பல வீட்டுக்கு ஒன்றைப் பங்கு போட்டிருப்பார்கள். அப்போது ஆபீஸ் பக்கம் ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி, வாங்க வேண்டும். அது வேண்டாம் என்றால் டெய்ல்ஸ்கேல் என்ற சேவை. உள்ளே ஓடுவது அதே வயர்கார்டுதான், இரண்டு பக்கத்தையும் அதுவே சேர்த்துவைக்கும். ஆனால் அங்கே யாருக்கு அனுமதி என்கிற பட்டியல் அவர்கள் சர்வரில் இருக்கும், அந்த அளவு நம்பிக்கை கொடுக்கிறீர்கள். தெரிந்து கொடுங்கள்.

ஆடிட்டருக்கு டேலி கணினி மட்டும் தெரியும்படி வையுங்கள். ஆபீஸ் முழுக்க அவருக்கு எதற்கு?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்போது மாமா போன். அவருடைய குடோன் இணைப்பு வரவில்லை. அங்கே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருந்து, நேற்று மாலைதான் கரன்ட் வந்ததாம்.

குடோனில் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, கரன்ட் போனால் பழைய நேரத்திலேயே எழுந்திருக்கும். கடைசியாகப் பார்த்த நேரத்துக்கு முந்திய நேரத்தோடு யாராவது கைகுலுக்க வந்தால் வயர்கார்டு ஏற்காது, பழைய செய்தியைத் திருடி அனுப்புகிறான் என்று எடுத்துக்கொள்ளும். நேரத்தை இணையத்திலிருந்து சரி செய்யலாம் என்றால், நான் எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியாகவே போகவிட்டிருந்தேன். விபிஎன் இல்லாமல் நேரம் வராது, நேரம் இல்லாமல் விபிஎன் வராது. இது என் தவறு. ஆபீஸ் முகவரிகளுக்கு மட்டும் விபிஎன், மற்றவை நேராக என்று மாற்றியதும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஜூலை 20 குறிப்பைப் பார்த்து அப்படியே போட்டவர்கள் இதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 28

நேற்று முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. ஊரில் வேறு பேச்சே இல்லை. எந்த ஆர்டர் நிற்கும், எந்தப் பையர் பாதி வரியை நம் தலையில் வைப்பார் என்றுதான் டீக்கடை வரைக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்று காலை மாமாவின் இன்னொரு பையருக்கு மாமா கம்பெனி பெயரில் மெயில் போயிருக்கிறது. 'வரி மாற்றத்தால் எங்கள் வங்கி விவரம் மாறுகிறது, நிலுவையைப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்' என்று. இம்முறை எழுத்தை ஒட்டவில்லை, பெயருக்கு நடுவில் ஒரு சிறு கோடு. மாமாவின் பெட்டிக்குள் யாரும் இல்லை, ரூல்ஸ் சுத்தம், விபிஎன்னும் சரியாக ஓடுகிறது. எல்லாம் சரியாக இருந்தும் மெயில் போயிருக்கிறது, ஏனென்றால் அது இங்கிருந்து கிளம்பவே இல்லை.

பையர் பணம் போடவில்லை. கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் பழைய எண்ணுக்கு போன் செய்து கேட்பது என்று 2 வருடத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார்கள். அங்கே விடியற்காலை, அவர் கூப்பிட்டார். மாமா ஃபைலை எடுத்துப் பழைய கணக்கின் கடைசி நான்கு எண்ணை மெதுவாக இரண்டு தடவை வாசித்தார். அவரும் அந்தப் பக்கம் திருப்பி வாசித்தார்.